நுவரெலியாப் பக்கம் ரெண்டு பேர் நல்ல பர்கர் சாப்பிடப் போனா என்ன கேட்கணும், எதை விடணும்?

#1 கொழுந்துக்கூடை

புருசன் பொஞ்சாதி ரெண்டு பேர். சனிக்கிழமை ராத்திரி, நுவரெலியா. ஒருத்தர் மாடு சாப்பிடுவார், மற்றவர் மாடு தொடமாட்டார், கோழி பரவாயில்ல. கையில 8,000 ரூபா. மெனுவைத் திறந்தா ஸ்மாஷ், பிரியோஷ், மீடியம், ட்ரஃபிள்னு வரிசையா இருக்கு, விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி வேற.

இதுல எது ருசிக்கு, எது பேருக்கு? வெயிட்டர்கிட்ட என்ன கேட்கணும்? ரெண்டு பேருக்கும் சாப்பாடு ஒழுங்கா வந்து சேர எப்படி ஆர்டர் பண்றது? கடைப் பேர் எதுவும் வேணாங்க. எந்தக் கடைக்குப் போனாலும் பொருந்துற மாதிரி சொல்லுங்க.

#2 தவாக்கரண்டி

முதல்ல ஸ்மாஷ், தடிப்பு ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். மற்றதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

ஸ்மாஷ்னா 60, 70 கிராம் இறைச்சி உருண்டையை நல்லாக் காய்ஞ்ச இரும்புத் தட்டுல வச்சு, முதல் அரை நிமிஷத்துக்குள்ள அழுத்தி மெல்லிசாக்குறது. தட்டு 220 பாகை செல்சியஸ் அளவுல இருக்கணும். ஒன்றரை நிமிஷத்துல அடி முறுகிடும். கூரான கரண்டியால அந்த முறுகலோட சுரண்டித் திருப்பி, சீஸ் வச்சு இன்னும் அரை நிமிஷம். ரெண்டு அடுக்கு போட்டாத்தான் அது முழு பர்கர். அரை நிமிஷம் தாண்டி அழுத்தினா உருகின கொழுப்பும் சாறும் தட்டுல ஓடிடும், கையில கிடைக்கிறது காய்ஞ்ச அப்பளம்.

தடிப்புப் பட்டி, அதாவது பணிசுக்கு நடுவுல வைக்கிற வட்ட இறைச்சி, 150லிருந்து 180 கிராம். 10 செ.மீ. பணிசுக்கு, பச்சையா இருக்கையில 11.5 செ.மீ.க்குக் குறையாம தட்டணும், வேகும்போது சுருங்கிடும். நடுவுல கட்டைவிரலால ஒரு குழி வைக்காட்டி பந்து மாதிரி உப்பி, மேல வைக்கிறதெல்லாம் வழுக்கி விழும். வேக 8லிருந்து 10 நிமிஷம் ஆகும்.

உப்பு எப்பப் போடுறாங்கங்கிறதுலதான் நிறையக் கடை தோக்குது. அரைச்ச இறைச்சியில உப்பைப் போட்டுப் பிசைஞ்சா புரதம் கரைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், சொசேஜ் மாதிரி இழுவையாகும். உப்பு வெளிப்பக்கம் மட்டும், தட்டுல வைக்கிற நேரத்துல. பட்டியைப் பிட்டுப் பாருங்க. நூல்நூலா உதிர்ந்தா சரி. கத்தி வச்ச முகம் வழவழன்னு பளபளத்தா பிசைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். முட்டை, பாண் தூள், வெங்காயம் எல்லாம் உள்ள போட்டிருந்தா அது வட்டமான கட்லட். கட்லட் நல்ல சாமான்தான், ஆனா அதை 300 ரூபாய்க்குச் சாப்பிடலாம்.

கேட்க வேண்டியது: "இறைச்சி இங்கேயே அரைக்கிறதா? கொழுப்பு எத்தனை வீதம்?" 20 வீதம்னு பதில் வந்தா அங்க ஒருத்தருக்கு விஷயம் தெரியும். நம்ம ஊர் மாட்டுல கொழுப்பு குறைவு. அதனால நெஞ்சுக் கொழுப்பைத் தனியா வாங்கிக் கலக்குறது தப்பில்ல, கலக்காட்டித்தான் தப்பு.

#3 போறணைப்பாண்

பட்டியைப் பற்றித் தம்பி சொன்னது சரி. ஆனால் பலர் பர்கரை முடிக்காமல் தட்டில் வைத்துவிட்டு எழும்புவது பணிசால்.

பிரியோஷ் என்றால் மாவின் எடைக்கு 20 வீதத்துக்குக் குறையாத பட்டர், அதோடு முட்டை. மேலே முட்டை பூசிப் பளபளப்பாக்கிய சாதாரண சீனிப் பணிசையும் அதே பெயரில் விற்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: விரலால் மெல்ல அழுத்திவிட்டு விடுங்கள். பட்டர் உள்ள பணிஸ் மெதுவாக எழும்பி வரும். வெறும் பணிஸ் பள்ளமாகவே நிற்கும், அல்லது தோல் வெடிக்கும்.

அதைவிட முக்கியம் வெட்டிய பக்கத்தை வாட்டுவது. பட்டர் பூசி, தட்டில் கவிழ்த்து, பொன்னிறமாகும் வரை ஒரு நிமிடம். அந்த மெல்லிய முறுகல்தான் சாற்றையும் சோஸையும் சிறிது நேரம் தாங்கும். வாட்டாத பணிஸ் மூன்றாவது கடிக்குள் கூழாகிவிடும். தட்டு வந்ததும் கீழ்ப் பணிசின் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம்.

மலைநாட்டுக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவானதால் புளித்த மாவுக்குள் இருக்கும் வாயு அதிகம் விரியும், மாவு சீக்கிரம் பொங்கும். கொழும்பு அளவிலேயே ஈஸ்ட் போட்டால் பெரிய ஓட்டைகளும் உலர்ந்த உள்ளும் கொண்ட பணிஸ்தான் வரும். கடித்தவுடன் அமுங்கிப் போகும். ஈஸ்டைக் காற்பங்கு குறைப்பதே வழக்கம்.

#4 தவாக்கரண்டி

அண்ணே, உயரத்துல சீக்கிரம் பொங்கும்கிறது சரி. ஆனா விடியக்காலையில நுவரெலியாக் குசினி 15 பாகை கூட இருக்காது. அந்தக் குளிருல ஈஸ்ட் தூங்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்காதா?

#5 போறணைப்பாண்

வெட்டிக்கொண்டால் நல்லதுதான். நடப்பது வேறு. மாவு எழும்பவில்லையே என்று போறணைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். போறணைப் பக்கம் 35 பாகை, மறுபக்கம் 18. ஒரு தட்டிலேயே பாதி அளவுக்கு மீறிப் பொங்கியிருக்கும், மற்றப் பாதி கல்லாக இருக்கும். மேல்தோலும் காய்ந்து வெடிக்கும். ஈரத் துணியால் மூடி, மூடிய பெட்டிக்குள் ஒரு சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு வைத்தால் பிரச்சினை தீரும். சாப்பிடப் போகிறவருக்கு இது தேவையில்லை என்பீர்கள். ஆனால் ஒரே மேசைக்கு வரும் இரண்டு பணிசும் இரண்டு விதமாக இருந்தால் காரணம் இதுதான்.

#6 கொழுந்துக்கூடை

தவாக்கரண்டி அண்ணே, மீடியம்னு, நடுவுல லேசா ரோஸா இருக்கிற மாதிரி கேட்டா தருவாங்களா? ஸ்டேக்கை அப்படிச் சாப்பிடுறாங்களே.

#7 தவாக்கரண்டி

ஸ்டேக்குல கிருமி வெளிப்பக்கம்தான் இருக்கும், சூட்டுல செத்துடும். அரைக்கும்போது அந்த வெளிப்பக்கம் உள்ளுக்குள்ள போயிடுது. அதனாலதான் அரைச்ச மாட்டுக்கு நடுவுல 71 பாகைன்னு அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்லுது, கோழிக்கு 74. நிறத்தை நம்பாதீங்க. 71க்கு முன்னாடியே பழுப்பாகிற இறைச்சியும் உண்டு, 71 தாண்டியும் ரோஸ் நிறம் போகாத இறைச்சியும் உண்டு. குத்துற வெப்பமானிதான் சாட்சி.

மீடியம் தர்ற கடை, முழுத் துண்டை அன்னைக்கே சுத்தம் பண்ணி அன்னைக்கே அரைக்கிற கடையா இருக்கணும். பைக்கற்றுல வந்த அரைச்ச இறைச்சிக்கு அந்தப் பேச்சே வேணாம். கர்ப்பிணி, சின்னப் பிள்ளை, வயசானவங்க இருந்தா எந்தக் கடையானாலும் முழுசா வெந்ததுதான். பச்சை முட்டையில அடிச்ச மயோனைஸும் அவங்களுக்கு வேணாம்.

ஸ்மாஷுல மீடியம்ங்கிற பேச்சே கிடையாது. அவ்வளவு மெல்லிசு, வெந்துதான் வரும். அதனால யோசனை பண்ற ஆளுங்க ஸ்மாஷ் எடுக்கலாம்.

#8 மரக்கறிமேசை

கொழுந்துக்கூடை, மாடு சாப்பிடாதவங்க பக்கத்தை யாரும் பேசலையே. அதைச் சொல்லிடுறேன்.

கோழின்னு எழுதினா மட்டும் போதாது. கோழிப் பட்டியை மாடு வெந்த அதே தட்டுல, அதே கரண்டியால திருப்புவாங்க. பணிசையும் அந்தக் கொழுப்புலயே வாட்டுவாங்க. மனசுக்கு ஒப்பாதவங்க "வேற தாச்சி, வேற கரண்டி, பணிசுக்குத் தனியா பட்டர்"னு மூணையும் சேர்த்துக் கேட்கணும். கூட்ட நேரத்துல ஆமான்னுதான் சொல்லுவாங்க, செய்யமாட்டாங்க. அதுக்குச் சுகமான வழி, பொரிச்ச கோழி பர்கர் எடுக்கிறது. அது எண்ணெய்ச் சட்டியில வேகும், இரும்புத் தட்டுக்கே போகாது. பணிசை மட்டும் பார்த்துக்கிட்டாப் போதும்.

ஹலால் பார்க்கிறவங்களுக்கும் இதே கதைதான். மாடு ஹலாலா வாங்கியிருப்பாங்க, ஆனா பேக்கனை அதே தட்டுல போடுவாங்க. மெனுவுல பேக்கன் இருந்தா தட்டைப் பத்திக் கேட்டே ஆகணும்.

வெள்ளிக்கிழமையோ விரத நாளோ, மச்சமே கிடையாதுன்னா இன்னும் கவனம். மரக்கறிப் பட்டியை ஒட்ட வைக்க முட்டை போடுவாங்க. பிரியோஷுல முட்டை. மயோனைஸுல முட்டை. வூஸ்டர் சோஸுல நெத்தலி மாதிரி ஒரு மீன். கிழங்கு பொரிக்கிற எண்ணெயில கோழி பொரிச்சிருப்பாங்க. "மரக்கறியா?"ன்னு ஒரே கேள்வியா கேட்டா "ஓம்"னு ஒரே பதில்தான் வரும். ஒவ்வொண்ணா கேளுங்க.

பிஞ்சுப் பலா பர்கர்னு பல இடத்துல போடுறாங்க. நல்லா இருக்கும், ஆனா பலாவை அவிச்சுப் பிழிஞ்சு, தூள் போட்டு ஈரம் வத்துற வரைக்கும் பிரட்டியிருக்கணும். பிழியாமப் போட்டா பணிஸ் நனைஞ்சு கீழே ஒழுகும். "பட்டியா, கறி மாதிரி பிய்ச்சுப் போட்டதா?"ன்னு கேளுங்க. பிய்ச்சதுன்னா ஒரு முள்ளுக்கரண்டியும் சேர்த்துக் கேட்டுடுங்க.

#9 தவாக்கரண்டி

அக்கா சொன்ன பொரிச்ச கோழிக்கு ஒரு துணுக்கு. தொடை இறைச்சியா, நெஞ்சான்னு கேளுங்க. எலும்பெடுத்த தொடை 120, 140 கிராம், தயிரைத் தண்ணி விட்டுக் கரைச்சு அதுல உப்பு மிளகாயோட நாலு மணித்தியாலத்துக்கு மேல ஊறினது, 170 பாகை எண்ணெயில 6, 7 நிமிஷம். நெஞ்சுன்னா ஒரு நிமிஷம் பிந்தினாலும் மரத்தூள்.

இப்ப இந்த இழையில யாரும் தொடாத விஷயத்துக்கு வர்றேன். கோழிக்கு 7 நிமிஷம், ஸ்மாஷுக்கு 2 நிமிஷம். ரெண்டையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சா ஸ்மாஷ் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் குசினி ஜன்னல்ல நிக்கும். தடிப்புப் பட்டின்னா அது எதிர்ப்பக்கம், கோழி காத்திருக்கும். ரெண்டு பேர் மேசையில ஒருத்தர் தட்டு ஆறிப்போய் வர்றதுக்குக் காரணம் பெரும்பாலும் சமையல் தெரியாததில்ல, ஆரம்பிச்ச நேரம். ஆர்டர் குடுக்கும்போதே இப்படிச் சொல்லுங்க: "ரெண்டும் ஒண்ணா வரணும். கோழியை முதல்ல போடுங்க, அது பாதி வெந்த பிறகு ஸ்மாஷைப் போடுங்க." வெயிட்டர் அதைச் சீட்டுல எழுதுறாரான்னு பாருங்க. எழுதாட்டி உள்ள போகாது.

#10 வெலிமடைக்கிழங்கு

எல்லாரும் பர்கரையே பேசுறீங்க. 900, 1,000 ரூபா குடுத்து வாங்குற கிழங்குப் பொரியலை யாரும் கேட்கல. நம்ம ஊரே கிழங்கு ஊரு!

இங்க அதிகம் விளையிற வகை கிரனோலா. மஞ்சள் சதை, கறிக்கும் அவிச்சுச் சாப்பிடவும் அருமை. பொரிக்கத்தான் கொஞ்சம் மல்லுக்கட்டும், மாப்பொருள் குறைவு, தண்ணி கூட. கிழங்கை 7, 8 பாகைக்குக் கீழ குளிர்ல வச்சா மாப்பொருள் சீனியா மாறும். நம்ம பக்கம் தை, மாசி ராத்திரியில வெளிக் கொட்டில்ல வச்ச கிழங்குக்கும் அதுதான் கதி. அதைப் பொரிச்சா வெளியில சீக்கிரம் கருக்கும், உள்ள சொதசொதன்னு இருக்கும், கடிச்சா லேசா இனிக்கும். தட்டுல திட்டுத்திட்டா கறுத்த கிழங்கு வந்தா சமையல்காரரை மட்டும் திட்டாதீங்க, கிழங்கு சீனி ஏறினது. அதை 15லிருந்து 20 பாகையில ரெண்டு கிழமை வச்சா சீனி ஓரளவு திரும்ப மாப்பொருளாகும்.

ஒழுங்கா செய்ற முறை: 1 செ.மீ. கனத்துல வெட்டி, தண்ணி தெளியிற வரைக்கும் அலசணும். லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்ட தண்ணியில அவிக்கணும். வினாகிரி இருந்தா கிழங்கு வெந்தும் உடையாது. கீழ்நாட்டுல இதுக்கு 10 நிமிஷம். நுவரெலியாவுல தண்ணி 94 பாகையிலேயே கொதிச்சுடும், அதுக்கு மேல சூடு ஏறாது. கூட ரெண்டு மூணு நிமிஷம் வேணும். பிறகு துணியில பரப்பி நீராவி போற வரைக்கும் ஆற விடணும். ஒரு தரம் மெதுவான சூட்டுல பொரிச்சு எடுத்து, ஆறினதும் கூடின சூட்டுல ரெண்டாம் தரம்.

பொரிக்கிற சூட்டுக்கு மேல்நாட்டுக் கணக்கு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் 3 பாகை பாரன்ஹைட் குறைக்கணும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல, அப்ப 18 பாகை பாரன்ஹைட், அதாவது 10 செல்சியஸ். புத்தகத்துல 190னு இருந்தா இங்க 180.

#11 தவாக்கரண்டி

எண்ணெய்க்கு உயரம் தெரியுமா என்ன? 190 எங்கேயும் 190தானே.

#12 வெலிமடைக்கிழங்கு

எண்ணெய்க்குத் தெரியாது தம்பி, கிழங்குக்குள்ள இருக்கிற தண்ணிக்குத் தெரியும். உள்ள ஈரம் இருக்கிற வரைக்கும் கிழங்கோட உள்பக்கம் அந்தத் தண்ணி கொதிக்கிற சூட்டைத் தாண்டாது. இங்க அது 94. உள்ள வேக நேரம் கூட வேணும், வெளியில 190ல அடிச்சா அது பொறுக்காது, கருகிடும். எண்ணெய்ச் சூட்டைக் குறைச்சா ரெண்டும் ஒரே நேரத்துக்கு வந்து சேரும். உங்க பொரிச்ச கோழிக்கும் இதே கணக்கு, 170 இங்க 160.

#13 தவாக்கரண்டி

சரி, அது நியாயம். அப்ப என்னோட 7 நிமிஷத்தையும் 8ன்னு திருத்திக்கிறேன்.

#14 வெலிமடைக்கிழங்கு

நன்றி. இறக்குமதி உறைகிழங்கு போடுற கடைன்னா இந்தப் பிரச்சினை பாதி இல்ல, அது ஏற்கெனவே ஒரு தரம் பொரிச்சு உறைய வச்சது. அதுல வெட்கமில்ல. ஆனா "வீட்டு முறைக் கிழங்கு"ன்னு மெனுவுல எழுதியிருந்தா, எல்லாத் துண்டும் அளவெடுத்த மாதிரி ஒரே நீளத்துல இருக்கான்னு பாருங்க.

ரெண்டு பேருக்கு ஒரு தட்டு போதும். ரெண்டு தட்டு எடுத்தா ரெண்டாவது ஆறி ரப்பராகும். வேணும்னா பாதியில இன்னொண்ணு சொல்லிக்கலாம்.

#15 கணக்கப்பிள்ளை

கூட்டல் குறியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு கூட்டல் சேவைக் கட்டணம், மற்றது வற் என்ற பெறுமதி சேர் வரி. சேவைக் கட்டணம் 10 வீதம், அது அரசாங்க வரி அல்ல, கடை போடுவது. வற் 2024 ஜனவரி முதல் 18 வீதம், சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்குப் போடப்படும். ஆகவே 28 என்று கூட்டாதீர்கள். 1.10 × 1.18 = 1.298. மெனு விலையை இதால் பெருக்குங்கள்.

உதாரணத்துக்கு: மாட்டு பர்கர் 2,200, கோழி 1,800, கிழங்கு 900, இரண்டு ஜிஞ்சர் பியர் 700. கூட்டினால் 5,600. சேவைக் கட்டணம் 560 சேர்த்தால் 6,160. வற் 1,108.80. கட்ட வேண்டியது 7,268.80. கையில் 8,000 என்றால் மெனு விலைகளின் கூட்டு 6,160ஐத் தாண்டக் கூடாது. 600 ரூபாய்க்கு ஓர் இனிப்பு சேர்த்தால் 8,047 ஆகிவிடும். அந்த 47 ரூபாய்க்காக மேசையில் பையைத் தடவ வேண்டாம்.

பில்லில் வற் போட்டிருந்தால் கடையின் வற் பதிவிலக்கமும் இருக்க வேண்டும், கடைசி நான்கு இலக்கம் 7000 என்று முடியும். பதிவில்லாத கடைக்கு வற் அறவிட உரிமையில்லை. இலக்கம் இல்லாமல் 18 வீதம் போட்டிருந்தால் மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே கழித்துவிடுவார்கள். கழிக்க மறுத்தால் பில்லோடு நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம்.

சேவைக் கட்டணம் கொடுத்த பிறகு தனியாக டிப்ஸ் கட்டாயமில்லை. நேரக் கணக்கைச் சீட்டில் எழுதி, இரண்டு தட்டையும் ஒன்றாகக் கொண்டுவந்த பையனுக்குக் கையில் கொடுப்பது உங்கள் இஷ்டம்.

#16 கொழுந்துக்கூடை

ட்ரஃபிள், வாக்யூ, கறுப்புப் பணிஸ் இதெல்லாம்?

#17 தவாக்கரண்டி

கறுப்புப் பணிசுல பெரும்பாலும் கரித்தூள். நிறம் மட்டும்தான், ருசி ஒண்ணும் இல்ல.

ட்ரஃபிள்ங்கிறது வாசனைக்குப் பேர்போன ஒரு காளான். ட்ரஃபிள் எண்ணெய்ல பெரும்பாலும் அந்தக் காளானே இருக்காது, வாசனைக்குச் செயற்கை ரசாயனம். கொஞ்சம் கூடினா காஸ் ஒழுகுற மாதிரி மணக்கும்.

வாக்யூ ஜப்பான் மாட்டு வகை. அதோட பெருமை தசைக்கு நடுவுல கோலம் போட்ட மாதிரி ஓடுற கொழுப்பு. அரைச்சா அந்தக் கோலம் போச்சு. சாதா மாட்டுல 20 வீதம் கொழுப்பு கலந்தா பெரிய வித்தியாசம் தெரியாது. மிச்சக் காசுக்கு இன்னொரு கிழங்குத் தட்டு வாங்கலாம்.

இந்த விலை விளையாட்டு பழசு. 1921ல அமெரிக்காவுல விச்சிட்டா ஊர்ல ஆரம்பிச்ச வைட் காசில் கடை, சின்ன பர்கரை வெங்காயத்தோட அவிச்சு அஞ்சு சதத்துக்கு வித்தது. 2001ல நியூயோர்க்ல டானியல் பூலுங்கிற பிரெஞ்சு சமையல்காரர் பட்டிக்குள்ள விலா இறைச்சியும் வாத்து ஈரலும் ட்ரஃபிளும் வச்சு, அதைத் துணிவிரிச்ச மேசைச் சாப்பாடாக்கினார். அவர் வச்சது நிஜ ட்ரஃபிள். நம்ம பக்கம் போத்தல்ல வர்றதைப் பார்த்து அது நினைவுக்கு வரவேணாம்.

சீஸ் பத்தி ஒண்ணு. மெனுவுல பழைய செடார்னு பெருமையா போட்டா அது சூட்டுல எண்ணெய் பிரிஞ்சு திரியாகும். பதப்படுத்தின சீஸ் துண்டுதான் ஒழுங்கா உருகும், அதுல சேர்க்கிற சிட்ரேட் உப்பு கொழுப்பையும் தண்ணியையும் பிரிய விடாது. "விலை கூடின கடையில ஏன் பைக்கற்று சீஸ்?"னு கேட்டு ஆளை நோகடிக்காதீங்க. தெரிஞ்ச ஆள்தான் அதைப் போடுவாங்க.

#18 மரக்கறிமேசை

உட்கார்ற இடத்தையும் சொல்லுங்களேன். எல்லாரும் ஏரியோ தேயிலை மலையோ தெரியுற விறாந்தை மேசைக்குத்தான் ஓடுவாங்க.

#19 தவாக்கரண்டி

விறாந்தை வேணாம் அக்கா. பகல்ல சரி, ராத்திரியில வேணாம். மாட்டுக் கொழுப்பு 40 பாகைக்குக் கீழ வந்தா உறைய ஆரம்பிக்கும். நுவரெலியா ராத்திரி 10, 12 பாகைக்குப் போற நாள் நிறைய. மெல்லிசா இருக்கிற ஸ்மாஷ் அந்தக் காத்துல அஞ்சாறு நிமிஷத்துல ஆறிடும். கண்ணாலேயே பார்க்கலாம்: முதல்ல சீஸோட ஓரம் மினுமினுப்பு போய் மங்கும், பிறகு தட்டுல வழிஞ்ச சாறு வெள்ளைத் தோல் கட்டும், கடைசியா மேலண்ணத்துல மெழுகு ஒட்டின மாதிரி இருக்கும். கோழிக் கொழுப்பு சீக்கிரம் உறையாது, அதனால கோழிக்காரர் "நல்லாத்தானே இருக்கு"ம்பார், மாட்டுக்காரர் முகத்தைச் சுழிப்பார். ரெண்டு பேரும் சொல்றது சரிதான்.

உள்ள, குசினிக் கதவுக்குக் கிட்ட உட்காருங்க. தேத்தண்ணியை விறாந்தையில குடிக்கலாம். படம் எடுக்கிறதுன்னா அரை நிமிஷம். தட்டைச் சூடாக்கித் தரச் சொல்லலாம், சில கடையில செய்வாங்க. பீங்கான் தட்டு வேணாம், மரப்பலகையே போதும்னும் சொல்லலாம். மரம் சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சாது.

கை கழுவுறது இன்னொண்ணு. அந்தக் குழாய்த் தண்ணியில மாட்டுக் கொழுப்பு விரல்லேயே உறைஞ்சிடும், சோப்பு வழுக்கிட்டுப் போகும். ஒரு கோப்பை இளஞ்சுடு தண்ணி கேட்டு வாங்குங்க.

#20 போறணைப்பாண்

பாதிப் பாதி மாற்றிச் சாப்பிட நினைப்பவர்களுக்கு: பற்கத்தி கேளுங்கள். இரண்டு பக்கமும் குச்சி குத்தி, நடுவில் அழுத்தாமல் அரம் போல இழுத்து வெட்ட வேண்டும். தீட்டாத மேசைக் கத்தியால் அழுத்தினால் சோஸ் மறுபக்கம் பாயும். கோழி பர்கரை மாட்டுக்காரர் ருசி பார்க்கலாம், மறுபக்கம் கிடையாது. ஆகவே கோழியை முதலில் வெட்டிவிட்டு, பிறகு அந்தக் கத்தியை மாட்டுக்குப் பயன்படுத்துங்கள்.

அடுக்கும் முறையில் ஒரு வாக்குவாதம் உண்டு. சலாது இலை பட்டிக்குக் கீழேயா, மேலேயா? கீழே வைத்தால் சாறு பணிசுக்கு இறங்காமல் தடுக்கும். மேலே வைத்தால் இலை வாடாது. என் கட்சி கீழே. நுவரெலியாச் சலாது மொறுமொறுப்பானது, அஞ்சு நிமிடச் சூட்டைத் தாங்கும். தக்காளியை உப்புத் தூவித் துடைக்காமல் வைத்தால் எந்த அடுக்கும் உதவாது.

#21 வெலிமடைக்கிழங்கு

குடிக்க ஜிஞ்சர் பியர்தான். இஞ்சிக் காரம் கொழுப்பை அறுக்கும். மில்க் ஷேக் எடுத்தா பாதி பர்கர்லேயே வயிறு நிரம்பிடும், அதை ஒருத்தருக்கு ஒண்ணுன்னு எடுக்கவே வேணாம்.

காரத்துக்குக் கட்டசம்பல் தனியா ஒரு கரண்டி கேளுங்க, உள்ள போடச் சொல்லாதீங்க. தேசிக்காய்ப் புளி பணிசை ஊற வச்சிடும்.

#22 கொழுந்துக்கூடை

எல்லாருக்கும் நன்றி. கடைக்குப் போன் பண்ணிக் கேட்க இப்படி எழுதி வச்சிருக்கேன், சரியா பாருங்க.

உள்ளுக்குள்ள மேசை, குசினிப் பக்கம், ஏழு மணிக்கு. இரட்டை ஸ்மாஷ் மாட்டு பர்கர் ஒண்ணு, பதப்படுத்தின சீஸ். பொரிச்ச தொடைக் கோழி பர்கர் ஒண்ணு, பணிஸ் மாட்டுத் தட்டுல படாம தனியா பட்டர்ல வாட்டினது. கோழி முதல்ல, ஸ்மாஷ் பிறகு, ரெண்டும் ஒண்ணா. கிழங்கு ஒரு தட்டு பர்கரோட. ஜிஞ்சர் பியர் ரெண்டு. கட்டசம்பல் பக்கத்துல. விலையில வற் சேர்ந்திருக்கா இல்லையா.

#23 தவாக்கரண்டி

ஏழு மணி நல்ல நேரம். எட்டரைக்குப் போனா தட்டு நிறையப் பட்டி போட்டு இரும்போட சூடு இறங்கியிருக்கும், முறுகாம சாம்பல் நிறத்துல வேகும். கூட்டம் நிறையுற சித்திரை சீசன்ல போறதுன்னா ஆறரைக்கே போயிடுங்க.

ஒண்ணு விட்டுட்டீங்க. குறை இருந்தா முதல் கடியிலேயே சொல்லணும். பாதி சாப்பிட்டுட்டுச் சொன்னா யாரும் மாத்தித் தரமாட்டாங்க. "நல்லா இல்ல"ன்னு சொல்லாதீங்க. "பணிஸ் வாட்டல", "கோழி எலும்புப் பக்கம் ரோஸா இருக்கு", "பட்டி ஆறியிருக்கு"ன்னு என்ன குறைன்னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல மாத்துவாங்க. கோழி வேகாம வந்தா அதைத் திரும்பப் பொரிக்க விடாதீங்க, புதுசு கேளுங்க.

#24 மரக்கறிமேசை

தம்பி, எலும்பெடுத்த தொடையில எலும்புப் பக்கம் எங்க வந்துச்சு?

#25 தவாக்கரண்டி

நடுப்பக்கம்னு வாசிங்க அக்கா. 😄

#26 கணக்கப்பிள்ளை

அந்தச் சனிக்கிழமை போயாவா (பௌர்ணமி விடுமுறையா) என்று கலண்டரைப் பார்த்தீர்களா? போயாவில் இறைச்சிக் கடை மூடியிருக்கும். பர்கர் போட்டாலும் முதல்நாள் அரைத்ததாகத்தான் இருக்கும். சில கடையில் மாட்டு மெனுவையே எடுத்துவிடுவார்கள்.

#27 கொழுந்துக்கூடை

பார்த்தேன். போயா அதுக்கு முந்தின வியாழன். போன் பண்ணிக் கேட்டாச்சு, வெள்ளிக்கிழமை புதுசா இறைச்சி வருமாம், சனிக்கிழமை காலையில அரைப்பாங்களாம். கொழுப்பு எத்தனை வீதம்னு கேட்டதும் போனைக் குசினிக்கே குடுத்துட்டாங்க.